கோல்கீப்பரும் அவளுடைய அத்தையும்

தோவாகாசே நாட்டுக்காக விளையாடுகிறாள் என்று சொன்னால் எங்கள் டோங்காவில் முதலில் கண் விரியும். "ரக்பியா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். இல்லை, கால்பந்து என்றதும் "ஓ" என்று ஒரு சத்தம் வரும். சாவு வீட்டில்கூட அதைவிடச் சுறுசுறுப்பான சத்தம் வரும். எங்களுக்கு விளையாட்டு என்றால் ரக்பி, மற்றதெல்லாம் கைகால் உதறல். அதிலும் பெண்கள் கால்பந்து அணி என்றால், மழைக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி யாரோ நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் பாதி ஜனத்துக்கு நினைப்பு. ஆண்கள் அணி போட்டுக் கிழித்த சட்டைகள்தான் அவர்களுக்கு வரும். தோவாவின் முதுகில் இருந்த ஒன்றாம் எண், ஏழாம் எண்ணின் தலையைக் கத்தரித்துச் செய்தது.

அவள் கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் தர்பூசணி. பழம் கப்பலேறும் மாதங்களில் நுக்குவாலோஃபா துறைமுகத்தில் அவளுக்கு வேலை. லாரியிலிருந்து ஒருத்தர் வீச, அடுத்தவர் பிடித்து வீச, அப்படியே வரிசையாகக் கைமாறி வரும். வரிசையின் கடைசியில், கப்பலேறும் பெரிய இரும்புப் பெட்டிக்குள்ளே, தோவா நிற்பாள். தடித்த உடம்பு, அகன்ற கை, அசையாத முகம். எந்த மூலைக்கு வீசினாலும் பிடிப்பாள். உடைந்த பழத்தை ஆட்கள் தின்னலாம் என்பது துறைமுக வழக்கம். அதனால் பசி எடுத்தால் மட்டும் அவள் கையிலிருந்து ஒன்று நழுவும்.

யாரையோ வழியனுப்ப வந்த ஃபெலெதி இதைப் பார்த்தான். பள்ளிக்கூட வாத்தியார், மாலையில் பெண்கள் அணிக்குக் கோச். கால்பந்து தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள். "நல்லதாப் போச்சு, எங்க டீம்ல யாருக்கும் தெரியாது" என்று கூட்டிக்கொண்டு போனான்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அன்றிலிருந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு கோலில் தோற்றால் வீட்டில் பாயாசம் வைக்காத குறை. ஒரு தடவை எதிரணி கோல்கீப்பர் வந்து கோல் போட்டுவிட்டுப் போனாள், பாவம், அவளுக்கும் போரடித்திருக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எங்கள் மைதானம் நிஜமாகவே கோணல், ஆனாலும் அதைச் சொல்ல யாருக்கும் முகமில்லை.

தோவாவுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரே ஒரு தடவை, கடைசி விசில் ஊதும்போது, வலைக்குள் குனிந்து பந்து பொறுக்காமல், ஜெயித்தவளாக நிற்க வேண்டும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு கொலோவாய் கிராமத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் போய், பெரிய கறுப்புப் பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டே அழுவாள். பன்றிக்கு இரண்டிலும் ஆட்சேபம் கிடையாது. முப்பத்துமூன்று வயதாகிவிட்டது, முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, ஆசை மட்டும் அப்படியே கிடந்தது.

இந்த இடத்தில்தான் லூபே வந்து சேர்ந்தாள்.

தோவாவுக்குப் பதினாலு வயதாகும்போது அவளுக்கு ஓர் அத்தை பிறந்தாள். தாத்தா பெண்டாட்டி செத்த துக்கத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். துக்கம் தீர்ந்ததற்கு அடையாளமாக லூபே வந்தாள். தோவாவின் அப்பா சதேகிக்கு லூபே தங்கை. ஆகவே தொட்டிலில் கிடந்து மூத்திரம் போய்க்கொண்டிருந்த அந்த ஜந்து தோவாவுக்கு அத்தை.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று கிண்டல் பண்ணுவது மற்ற ஊர்களில் நடக்கலாம். எங்கள் ஊரில் அத்தைக்கு மீசை முளைத்தாலும் அத்தைதான், வணங்கிவிட்டுத்தான் மீசையைப் பார்க்க வேண்டும். கல்யாணமோ சாவோ, மேல் பாயில் உட்காருகிறவள் அவள். அவள் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அவளிடம் குரல் உயர்த்தக் கூடாது. அவள் தலையைத் தொடக் கூடாது. குழந்தை லூபேயைக் குளிப்பாட்டுகிற வேலை தோவாவுக்கு வந்தபோது கழுத்து வரைக்கும் அவள் தேய்ப்பாள், தலைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அம்மா வருவாள். அந்த அம்மா வர நேரமானால் அத்தை பாதி அழுக்கோடு காத்திருப்பாள்.

லூபே பேச ஆரம்பித்ததும் கேட்கவும் ஆரம்பித்தாள். தோவாவின் சைக்கிள் போயிற்று. கோயிலுக்கென்று தைத்த நீலக் கவுன், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் போடாதது, போயிற்று. கவுன் லூபேயின் உடம்பைப்போல் இரண்டு மடங்கு. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தோவா பல்லைக் கடித்துக்கொண்டு "எடுத்துக்குங்க அத்தை" என்பாள். பத்து வயதில் லூபேயை ஆக்லாந்துக்குச் சித்தி வீட்டில் படிக்க அனுப்பியபோது விமான நிலையத்தில் தோவா அழுதாள். பிரிவுத்துயர் என்று எல்லாரும் மெச்சினார்கள். அது ஆனந்தக் கண்ணீர்.

பத்தொன்பது வயதில் லூபே திரும்பி வந்தாள். ஆக்லாந்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்திருந்தாள், அத்தை என்கிற பதவியைத் தவிர. கூடவே ஒன்றைக் கற்றுக்கொண்டும் வந்திருந்தாள்: கால்பந்து. நிஜமான கால்பந்து. பின்வரிசை நடுவில் அவளை நிறுத்தினால் ஒருத்தி தாண்டிப் போக முடியாது. ஃபெலெதி முதல் நாள் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அணி வரலாற்றில் முதல்முறையாக ஒருத்தி பந்தை, தான் நினைத்த பக்கம் உதைத்திருந்தாள்.

முதல் வாரமே தோவாவின் பூட்ஸைக் கேட்டாள். தோவா பழைய பூட்ஸைத் தேடி எடுத்து அதில் கயிறு கட்டிக்கொண்டாள்.

ஆனால் பூட்ஸ் பெரிய விஷயமில்லை. கோல்கீப்பருக்குக் கையைவிட வாய்தான் முக்கியம். பந்து வரும்போது முன்னால் நிற்கிறவளைப் பார்த்து "விடு, என்னோடது" என்று அலற வேண்டும், "தள்ளு" என்று திட்ட வேண்டும். முன்னால் நிற்கிறவள் அத்தை. எப்படி அலறுவது?

அந்த வருஷம் நாலு தீவுகள் போட்டி எங்கள் ஊரில் நடந்தது. முதல் ஆட்டம் வனுவாத்துவோடு. கடைசிக் கட்டம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை, ஜனங்களே பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒரு பந்து உயரமாக எழும்பி கோல் பக்கம் இறங்கியது. தோவா ஓடி வந்தாள். லூபேயும் கோலைப் பார்த்து ஓடி வந்தாள். தோவா வாயைத் திறந்தாள், எதிரே அத்தை. வாயை மூடினாள். மூடியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. குறுகலான வழியில் பெரியவர்கள் எதிரே வந்தால் செய்வதுபோல், இடுப்பை வளைத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள். கோல்கீப்பர் பிடிப்பாள் என்று லூபே விட்டுவிட்டாள். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாக உருண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் உள்ளே போயிற்று.

வேறு எந்த ஊராக இருந்தாலும் கல் விழுந்திருக்கும். எங்கள் ஊரில் பாதிக் கூட்டம் தலையசைத்தது. வானொலியில் வர்ணனை சொன்னவர், கோல் விழுந்ததைச் சொல்ல மறந்துவிட்டு, இந்தக் காலத்திலும் அத்தைக்கு வழிவிடுகிற பிள்ளையைப் பெற்ற கொலோவாய் குடும்பம் வாழ்க என்றார். சதேகியை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நாலு பேர் கைகுலுக்கினார்கள். தோவா மட்டும் பன்றியிடம் போனாள்.

இரண்டாவது ஆட்டம் குக் தீவுகளோடு. அதற்குள் அணி யோசித்து வழி கண்டுபிடித்திருந்தது. மரியாதையாகக் கத்துவது என்று முடிவு. பெரிய மனிதர்களிடம் பேசுவதற்கென்று எங்களுக்கு ஒரு நீளமான பேச்சு உண்டே. பந்து வந்ததும் தோவா, "அத்தை, தங்களுக்குச் சிரமமில்லையென்றால் சற்றே விலகி அருள..." என்று தொடங்கினாள். 'அருள'வுக்கு வரும்போது பந்து வலையில் இருந்தது.

பிறகு தூது முறையைப் பிடித்தார்கள். இடது பக்கம் ஆடும் பயேயாவிடம் தோவா சொல்வாள், பயேயா லூபேயிடம் சொல்வாள். பயேயா நல்ல பெண், ஆனால் வயலில் மாட்டைக் கூப்பிட்டாலே ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துக் கூப்பிடுகிறவள். "உன்ன விலகச் சொல்றா" என்று அவள் சொன்னபோது குக் தீவுக்காரிகள் இரண்டாவது கோலுக்குக் கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோலில் தோல்வி.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் ஃபெலெதி தோவாவை நிறுத்தினான். பாவப்பட்ட ஆள் அவன். அணியில் மூன்று பேர் அவனுக்கு ஒன்றுவிட்ட தங்கைகள். தங்கைகள் காதில் விழ உடம்பைப் பற்றி ஆண் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. ஆகவே பந்தை நெஞ்சில் வாங்கச் சொல்ல வேண்டுமானால் "கழுத்துக்குக் கீழ, வயித்துக்கு மேல, அந்த வட்டாரத்துல வாங்குங்க" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வான். அன்றைக்கு வானத்தைப் பார்க்கவில்லை.

"லூபேய எடுக்க முடியாது தோவா. அவ போனா வேலியில்லாத தோட்டம்தான். எடுத்தா உன்னத்தான் எடுக்கணும். சனிக்கிழமை சமோவா. முதல் பாதி பாப்பேன். நீ வாயத் தொறந்தா இருப்பே. இல்லேன்னா உக்காரு, வேற ஆள் நிக்கட்டும். அதோட முடிஞ்சுது, இந்த முழங்காலோட அடுத்த வருஷம் உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க."

தோவா சரி என்றாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். சதேகி கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். எண்பது பேரை ஒரு விரலால் நிறுத்துவார், வீட்டில் அதே விரலால் எல்லாரையும் நிறுத்தப் பார்ப்பார். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தன் ட்ரம்பெட் கதையை எடுத்தார்.

அந்தக் கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாலிபத்தில் சதேகி பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தார். கேட்டவர்கள் இன்னும் சொல்வார்கள், அழ வைப்பாராம். அவருடைய அத்தை ஃபானே ஒரு நாள் வந்து, என் பையன் வாசிக்கட்டும், கொடு என்றாள். கொடுத்தார். அந்தப் பையன் ஒரு வாரத்தில் அதைப் படகிலிருந்து கடலில் போட்டான். அதற்குப் பிறகு சதேகி எதையும் வாசிக்கவில்லை, மற்றவர்களைப் பாட வைக்கிறார்.

"நான் வாயத் தொறந்தேனா?" என்று கேட்டார் சதேகி. "இன்னைக்கு வரைக்கும் ஃபானே அத்தைக்கு முதல் கிழங்கு நம்ம வீட்டுலேருந்துதான் போகுது. ஆட்டத்துல தோத்தா ஒரு வாரப் பேச்சு. அத்தைய வைஞ்சா என் சாவுல வந்து பேசுவாங்க. சனிக்கிழமை மொத்தக் குடும்பமும் வருது. என் தலைய நிமிந்திருக்க விடு."

இதற்கு மேல் என்ன இருக்கிறது. வாயைத் திறந்தால் அப்பாவின் மானம் கப்பலேறும், மூடினால் அவள் ஆசை. இரண்டில் ஒன்றைக் கொன்றுவிட்டுத்தான் மைதானத்திலிருந்து வர முடியும்.

சனிக்கிழமை குடும்பம் லாரியில் வந்து இறங்கியது. பாய், குடை, வாழைக்காய், அவித்த கிழங்கு, பேண்டு வாத்தியம் சகிதம். ஃபானே அத்தை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எண்பது தாண்டியும் குரல் குறையாத பொம்பளை. அடுத்தவர் கூடையிலிருந்துதான் சாப்பிடுவாள். சதேகி அவளுக்குப் பின்னால், எங்கள் ஊர் மரியாதைப்படி இடுப்பில் பாய் கட்டி, சவ அடக்கத்துக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார். தங்கை கால்சட்டையோடு ஓடுவதை அண்ணன் பார்க்கக் கூடாதாகையால், பந்து லூபே பக்கம் போகும்போதெல்லாம் மரத்தைப் பார்த்தார். லூபே இருந்த இடத்தில்தான் பந்து பெரும்பாலும் இருந்தது; அன்றைக்கு சதேகி மரத்தை நன்றாகப் பார்த்தார்.

முதல் பாதியில் லூபேயே எல்லாவற்றையும் தடுத்துவிட்டாள். தோவா வாயைத் திறக்கவும் இல்லை, திறக்க வேண்டியும் வரவில்லை. கோல் இல்லை. இடைவேளையில் ஃபெலெதி மாற்று கோல்கீப்பரை எழுந்து கையைக் காலை உதறச் சொன்னான். தோவா குனிந்து கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். கண் கலங்கி எதிரில் இருப்பது தெரியவில்லை.

லூபே ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். தோவாவுக்குக் கொடுத்த ஆரஞ்சு அது.

"ஏய், கழட்டாதே" என்றாள். "அத்தை ஒண்ணு கேட்டா இல்லேன்னு சொல்லலாமா?"

"கூடாது அத்தை."

"அப்ப கேக்கறேன். இனிமே பந்து வந்தா நீ என்னப் பாத்துக் கத்தணும். நல்லா வையணும். இது அத்தை உத்தரவு."

அவ்வளவுதான், அறை இரண்டாகப் பிரிந்தது. அத்தை உத்தரவை மீறினால் குற்றம், ஆகவே கத்த வேண்டும் என்று ஒரு கட்சி. அத்தையைப் பார்த்துக் கத்தினால் குற்றம், ஆகவே அந்த உத்தரவே செல்லாது என்று பயேயா கட்சி. கத்திவிட்டு உடனே மன்னிப்புக் கேட்கலாம் என்றாள் ஒருத்தி. பந்து காத்திருக்குமா என்றாள் இன்னொருத்தி. போதகர் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. ஃபெலெதி இது நம் வேலையில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டாம் பாதிக்கான திட்டம் என்று ஒரு வார்த்தையும் பேசாமல் இடைவேளை முடிந்தது.

"உத்தரவு உங்களோடது அத்தை. வாய் என்னோடது. அப்பா அங்க உக்காந்திருக்காரு" என்றாள் தோவா.

லூபே கொட்டையைத் துப்பிவிட்டு, "வா பாக்கலாம்" என்று வெளியே போனாள். கையுறையைக் கழற்றியாயிற்றா இல்லையா என்று ஃபெலெதி திரும்பிப் பார்ப்பதற்குள் தோவாவும் பின்னாலேயே போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. பயேயா போட்டாள் என்று பதிவாகியிருக்கிறது. பயேயா யாருக்கோ கொடுக்கலாம் என்று யோசித்துத் தூக்கியடித்தாள், தென்கிழக்குக் காற்று அதை வாங்கிக்கொண்டு போய் சமோவா வலையில் வைத்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்கு மெட்டு தயார் செய்திருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேவைப்படாத மெட்டு. சவ அடக்கப் பாட்டையே வேகமாக வாசித்தார்கள்.

அதற்கப்புறம் சமோவாக்காரிகள் எங்கள் கோல் முன்னால் குடியேறிவிட்டார்கள். தோவா தர்பூசணி பிடித்தாள், வேறென்ன சொல்வது. வலது மூலையில் ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தரையோடு ஒன்று. முழங்கால் கத்தியது, அவள் கத்தவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அந்தப் பந்து வந்தது. வனுவாத்து ஆட்டத்தில் வந்த அதே பந்து என்று தோவா சத்தியம் செய்வாள். உயரமாக எழும்பி, வெயிலுக்குள் போய், கோல் பக்கம் இறங்கியது. லூபே கோலைப் பார்த்து ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் சமோவாக்காரி ஒருத்தி. தோவாவின் இடுப்பு தானாகவே வளைய ஆரம்பித்தது.

அவள் பார்வையில் லூபேயின் கால் பட்டது. அந்தக் காலில் தன்னுடைய பூட்ஸ்.

"தள்ளுடி எரும!"

மைதானம் முழுக்கக் கேட்டது. துறைமுகத்தில் கப்பலுக்குக் கேட்கிற குரல் அது. அத்தோடு நிற்கவில்லை, பத்தொன்பது வருஷமாக மூடியிருந்த வாய், திறந்தால் அளவோடா திறக்கும்? "திருட்டுக் கழுத, என் பூட்ஸ், என் சைக்கிளு, அந்த நீலக் கவுன என்னடி பண்ணின, நவுரு" என்று கத்திக்கொண்டே எழும்பினாள். முழு உடம்பும் எழும்பியது. ஓங்கிக் குத்தினாள். குத்தில் பாதி பந்தின்மேலும் பாதி அத்தையின் தலையிலும் விழுந்தது.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து வெளியே போயிற்று. லூபே மல்லாந்து விழுந்தாள்.

ஒரு சத்தமில்லை. வாத்தியம் நின்றது, குழந்தைகள் நின்றன. ஃபானே அத்தை வாயில் வைத்த வாழைக்காயோடு அப்படியே இருந்தாள். அத்தையின் தலை. தொடக்கூடாத தலை. குளிப்பாட்டும்போதுகூடத் தொடாத தலையில் குத்து விழுந்திருக்கிறது. நடுவர் வேற்று நாட்டு ஆள், இவ்வளவு நல்ல தடுப்புக்கு ஏன் ஒருத்தரும் கைதட்டவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

லூபே எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் சேப்பங்கிழங்கு அளவுக்குப் புடைத்திருந்தது. தோவா அவள் முன்னால் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்கப் போனாள்.

"கார்னர் வருது" என்றாள் லூபே. "எழுந்து நில்லு, முண்டம்."

கார்னர் வந்தது, லூபே அந்தப் புடைத்த நெற்றியாலேயே அதை அடித்து வெளியேற்றினாள். விசில் ஊதியது.

ஜெயித்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோவா ஜெயித்தவளாக நின்றாள். ஒருத்தரும் கத்தவில்லை. கூட்டம் கோயில் கலைவதுபோல் பேசாமல் கலைந்தது. சதேகி எழுந்து, பாயை உதறி, திரும்பிப் பார்க்காமல் லாரியை நோக்கி நடந்தார். தோவா பழக்கதோஷத்தில் பந்து பொறுக்க வலைக்குள் குனிந்தாள். வலைக்குள் ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எதுவும் நடக்காது, மன்னிப்புகூட. திங்கட்கிழமை காலையில் சதேகி மகளிடம் பேசாமல் பின்பக்கம் போய்ப் பெரிய கறுப்புப் பன்றியை அவிழ்த்தார். வேறு பன்றி கொடுக்கலாமே என்று தோவா கேட்கவில்லை, கேட்கிற நிலைமையில் அவள் இல்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கப்படி கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் இலை மாலை போட்டுக்கொண்டு, லூபே வீட்டு வாசலில் வெயிலில் தலைகுனிந்து உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் அதே கோலத்தில் உட்கார்ந்தார். பன்றி மட்டும் நிமிர்ந்து நின்றது. குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. லூபே வாசலுக்கு வந்து மாலையை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

லூபே மெதுவாகத்தான் வந்தாள். ஆக்லாந்தில் படித்தவளானாலும் காக்க வைக்கிற சுகம் தெரியாதவளா? நெற்றியில் பெரிய பிளாஸ்திரி. சதேகி குனிந்தபடியே நீளமாகப் பேசினார்: குடும்பத்தின் நிழல் நீங்கள், இந்தப் பிள்ளையின் கை செய்த பாவம் எங்கள் எல்லாருடைய பாவம் என்றெல்லாம். அதைக் கேட்கக் கேட்கத் தோவா இன்னும் குனிந்துகொண்டாள்.

லூபே குனிந்து தோவாவின் மாலையை எடுத்தாள். பிறகு சதேகியின் மாலையை எடுத்தாள். அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"மன்னிச்சாச்சு" என்றாள் லூபே. "ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள். லாரியைக் கேட்பாள் என்று ஒருத்தர் கணக்குப் போட்டார், கிழங்குத் தோட்டத்தை என்று இன்னொருத்தர்.

"கோல் கம்பத்துக்கு முன்னாடி நிக்கற வரைக்கும் இவ என்னய வையணும். ஒவ்வொரு ஆட்டத்துலயும். வாய மூடினா எனக்கு மரியாதக் குறைவு. அப்பறம் அண்ணா, நீங்களும் வரணும். இவ வைஞ்சா நீங்க கைதட்டணும்."

எங்கள் ஊரில் அண்ணன் தங்கை சொல்லைத் தட்டக் கூடாது என்பதும் அதே வழக்கம்தானே. எண்பது பேரை ஒரு விரலால் நிறுத்துகிற மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். "சரி" என்றார். தோவா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பன்றி அன்றைக்கு மத்தியானமே அடுப்புக்குப் போயிற்று. தோவா ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அவ்வளவு ரகசியம் தெரிந்த பன்றி.

அடுத்த ஆட்டம் இரண்டு மாதம் கழித்து, ஃபிஜியோடு. எங்கள் பெண்கள் அணி ஆட்டத்துக்கு முதல் தடவையாக உட்கார இடமில்லை. ரக்பிக்காரர்கள் வந்திருந்தார்கள். கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள், கோயில் மூப்பர்கள் வந்திருந்தார்கள். கால்பந்து பார்க்க யாரும் வரவில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தீவில் ஒவ்வொருத்தனுக்கும் ஓர் அத்தை இருக்கிறாள். ஒவ்வொருத்தன் வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று போயிருக்கிறது. ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த ஜனம், ஒருத்தி நியாயமாக, உத்தரவின்பேரில், அத்தையை வைவதைக் காதால் கேட்க வந்திருந்தது. அத்தைகளும் வந்திருந்தார்கள், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க.

ஃபானே அத்தை முன்வரிசை நாற்காலியில். அவளுக்கு நேர் பின்னால் சதேகி.

முதல் பந்து எழும்பியது. தோவா மூச்சை இழுத்தாள். "எரும, தள்ளுடி, யார் பூட்ஸு அது!" என்ற சத்தம் கடற்கரை வரைக்கும் போயிற்று. லூபே தள்ளினாள், தோவா பிடித்தாள்.

சதேகி கைதட்டினார். உத்தரவுக்குத் தட்டுகிறவர்போல் முதலில் ஒரே ஒரு தடவை, விறைப்பாகத் தட்டினார். அப்புறம் முன்னால் இருந்த ஃபானே அத்தையின் பின்னந்தலையைப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்க, கண்ணில் தண்ணீர் வழிய, தட்டிக்கொண்டே இருந்தார். என்னடா ஆச்சு உனக்கு என்று ஃபானே அத்தை திரும்பிக் கேட்டாள். தங்கச்சி உத்தரவு அத்தை, என்ன செய்யறது என்றார்.

அன்றைக்கு நாலு கோலில் தோற்றார்கள். சதேகி கடைசி வரைக்கும் உட்காரவில்லை.